பழைய எண்ணையே வைத்துக்கொள்

2019 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஜொகூரின் கூலாயில் என் வீட்டு மாடியறையில், எனக்குச் சொந்தமில்லாத ஒரு லீனியரை எரித்தேன். மின்னல் அடித்து எரிந்துவிட்டது என்று அதன் சொந்தக்காரரிடம் பொய் சொன்னேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால், என் தப்பைச் சுட்டிக்காட்டிய ஒரு பையனை அவமானப்படுத்தியிருந்தேன். மூன்றும் ஒரே நாளில் கைதவறி நடந்தவை அல்ல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிறுத்திக்கொள்ள நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அப்போது சிங்கப்பூரில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பேன், எல்லைப் பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் கடந்தாக வேண்டும். இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. மிச்சமிருந்த நேரமெல்லாம் ஹேம் ரேடியோ. அரசின் தொடர்பு ஆணையம் நடத்திய தேர்வை எழுதி, 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கி, சொந்த ஆண்டெனாவில் உலகத்தோடு பேசும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குளுவாங்கில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் பிறந்து, தொலைபேசிக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலாயாவுக்கு முதல் ரேடியோப் பெட்டி வந்ததே நம் ஜொகூருக்குத்தான் என்று அடிக்கடி சொல்வார். 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பிர்ச் கொண்டுவந்தது அது. அவர் தொடங்கிய ஜொகூர் கம்பியில்லாச் சங்கம் 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பியது. அதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஒரு சொந்தம் தெரியும்.

இன்னொரு கதையும் சொல்வார். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானை அடித்தபோது, பாரதி பிரசாத் என்ற ஹேம் பெண்மணி தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசி செத்துவிட்டது. அவர்கள் 20 மீட்டர் பேண்டில் செய்தி அனுப்பினார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வர அதுவும் ஒரு வழியாக இருந்தது. "நீ கத்துறதுக்கு முன்னால காதைக் குடு தம்பி. அந்த இடத்துல யாராவது உயிருக்குப் பேசிக்கிட்டு இருப்பாங்க." இதை அவர் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அந்த லீனியரை அவர் தன் கையால் இரண்டு வருஷம் உட்கார்ந்து கட்டினார். ரேடியோ கொடுக்கும் சில வாட்டை வாங்கி முந்நூறு வாட்டாக்கும் பெட்டி அது. நடுவில் ஒரே ஒரு எல்டிமாஸ் ட்ரான்சிஸ்டர். விலை ஆயிரம் வெள்ளிக்கு அருகில். அதற்குப் பின்னால் ஆறு ஃபில்டர்கள், ஆறு ரிலேக்கள். எந்தப் பேண்டில் பேசுகிறோமோ அந்தப் பேண்டுக்கான ஃபில்டர் வழியாகத்தான் அலை ஆண்டெனாவுக்குப் போக வேண்டும். ஃபில்டர் மாறினால் இரண்டில் ஒன்று நடக்கும். உயர்ந்த பேண்டின் ஃபில்டரில் தாழ்ந்த பேண்டை அனுப்பினால், உங்கள் அலையோடு அதன் இரட்டிப்பும் வெளியே கசியும். தாழ்ந்த பேண்டின் ஃபில்டரில் உயர்ந்த பேண்டை அனுப்பினால், சக்தி வெளியே போக வழியில்லாமல் திரும்பி வந்து ட்ரான்சிஸ்டரையே அடிக்கும்.

இதை அண்ணன் நன்றாக அறிந்தவர். அதனால் திரும்பி வரும் சக்தியை அளக்கும் காவலை ஃபில்டருக்கு முன்னால் வைத்திருந்தார். வழக்கமாக அதை ஆண்டெனா பக்கம் வைப்பார்கள். அங்கே இருந்தால் ஃபில்டர் மாறிப்போனது அதற்குத் தெரியாது. அந்த ஒரு காவலுக்காக அவர் பலகையை இரண்டாம் முறை வெட்டினார்.

ஜூலைக் கடைசியில் உலகத் தீவுகளுக்கென்று ஒரு போட்டி நடக்கும். அந்த வருஷம் 27, 28 தேதிகள். மெர்சிங்கிலிருந்து படகேறி பூலாவ் பெசாருக்குப் போய், அந்தத் தீவிலிருந்து ஒலிபரப்ப வேண்டும் என்பது அண்ணனின் பல வருஷ ஆசை. இளையவர்கள் நாலு பேரைச் சேர்த்திருந்தார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பையன்கள் ரேடியோவில் பேண்டை மாற்றிவிட்டு லீனியரில் மாற்ற மறந்துவிடுவார்களே என்பது மட்டும்தான் அவருடைய பயம்.

"நீ கம்ப்யூட்டர் ஆளு. ரேடியோ பேண்ட் மாறுனா லீனியரும் தானா மாறணும். செஞ்சு குடுப்பியா?"

"ஒரு வாரம் போதும்ணே" என்றேன்.

"ஒரு மாசம் எடுத்துக்க. டம்மி லோட்ல மட்டும் டெஸ்ட் பண்ணு. ஆண்டெனாவுல போடாத."

டம்மி லோட் என்பது ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனைச் சுமை. சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போது முழுசாக எழுதுவதற்குக் காரணம், அதை நான் கேட்கவில்லை என்று பிறகு என்னால் சொல்ல முடியாது என்பதுதான்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. என்னிடம் ஐகாம் 7300 இருந்தது. அதன் பின்னால் சிஐ-வி என்ற கட்டளைக்கென்று ஒரு தனித் துளை உண்டு. அதில் ஒரு கேபிளைச் செருகி, கணினியிலிருந்து ஆறு எண்களை அனுப்ப வேண்டும்: எஃப்இ எஃப்இ 94 இ0 03 எஃப்டி. "94 என்ற ரேடியோவே, நீ இப்போது எந்த அலைவரிசையில் இருக்கிறாய்?" என்பது அதன் பொருள். ரேடியோ பதில் சொல்லும். 14.074 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் பதிலுக்குள் 00 40 07 14 00 என்று இருக்கும், கடைசி இலக்கங்கள் முதலில் வரும். 7.074க்கு வந்தால் 00 40 07 07 00. நாலாவது எண் மட்டும் 14 என்பது 07 ஆகும். 20 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது. என் நிரல் அதைப் படித்து, சின்ன ஒரு மின்பலகை வழியாக லீனியரின் ரிலேக்களை மாற்றும்.

முதல் முறை எழுதியது சரியான நிரல். ரேடியோவிலிருந்து அரை விநாடி பதில் வராவிட்டால் லீனியரை விலக்கிவிடும். ரேடியோவின் பத்து வாட் நேராக ஆண்டெனாவுக்குப் போகும். எது தெரியாதோ அதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாத நிரல் அது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆண்டெனாவில் போடாதே என்றாரே, ஐந்தாவது நாளே போட்டேன். எனக்கு அப்போது 93 நாடுகளோடு தொடர்பு கிடைத்திருந்தது. நூறு பிடித்தால் ஒரு சான்றிதழ் உண்டு. முந்நூறு வாட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

நான் பேசியது எஃப்டி8 முறையில். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் கொண்டுவந்த முறை. டெய்லர் 1993இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். குரல் இல்லை. கணினியே பதினைந்து விநாடிக் கூறுகளாகப் பேசும். ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி, ஏற்ற இறக்கம் இல்லாமல், முழு சக்தி. குரலில் பேசினால் மூச்சுக்கு மூச்சு லீனியருக்கு ஓய்வு கிடைக்கும். இதில் கிடைக்காது.

முந்நூறு வாட்டில் போனதும் கேபிள் தகராறு செய்தது. நான் வாங்கியது மலிவான கேபிள். ஆண்டெனாவின் அலை அதற்குள்ளேயே புகுந்து கணினியோடு உள்ள தொடர்பை அறுத்தது. என் நிரல் கடமையைச் செய்து லீனியரை விலக்கியது. தூரத்தில் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் என்னை இழந்தது. ஒரே இரவில் நாலு முறை அப்படி ஆனது. மருந்து எனக்குத் தெரியும். கேபிளில் ஃபெரைட் வளையங்கள் மாட்ட வேண்டும். சில வெள்ளி விலை. வாங்க ஜொகூர் பாரு வரை போக வேண்டும். எனக்கு அன்றிரவே வேண்டியிருந்தது. நிரலைத் திறந்தேன். பதில் வராவிட்டால் விலகு என்ற வரியை அழித்தேன். பதில் வராவிட்டால் பழைய எண்ணையே வைத்துக்கொள் என்று எழுதினேன்.

நான் இருபது வருஷம் நிரல் எழுதியவன். அந்த வரி என்ன செய்யும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். கண் தெரியாமல் போனால், கடைசியாகப் பார்த்த பாதையிலேயே வண்டியை ஓட்டு என்று சொல்லும் வரி அது. தெரிந்துதான் எழுதினேன்.

அடுத்து அண்ணனின் காவலும் என்னைத் தொந்தரவு செய்தது. 40 மீட்டரின் ஓரத்தில் என் ஆண்டெனா சரியாகப் பொருந்தாமல் இருந்தது, அதனால் அது அடிக்கடி லீனியரை நிறுத்தியது. ஆண்டெனாவை இறக்கிச் சரிசெய்ய அரைநாள் ஆகும். பெட்டியின் மூடியைத் திறந்து, காவலிலிருந்து வரும் மெல்லிய மஞ்சள் வயரின் ஒரு முனையைச் சூடுவைத்து எடுத்து, டேப் சுற்றி ஓரமாக வைத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. 96 ஆனது.

எங்கள் தாமானுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் இருந்தான். பதினேழு வயது. அவன் அப்பா லோரி ஓட்டுகிறவர். மகனுடைய ஆசைக்காக நானூறு வெள்ளி கொடுத்து ஒரு பழைய சிற்றலைப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். பையன் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்து, ராத்திரியில் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவான். கேட்பதில் அவனுக்கு இருந்த பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அவன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, நீங்க இப்ப 7.074லதானே இருக்கீங்க? 14.148லயும் உங்க சத்தம் கேக்குதுண்ணே."

இரட்டிப்பு. ஏழு புள்ளி பூஜ்யம் ஏழு நாலை இரண்டால் பெருக்கினால் பதினாலு புள்ளி ஒன்று நாலு எட்டு. தேர்வுக்குப் படிக்கும் பையனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதித்தான் நானும் உரிமம் வாங்கியிருந்தேன். சற்று முன்னால் 20 மீட்டரில் இருந்துவிட்டு 40க்கு வந்திருந்தேன். கேபிளின் தொடர்பு அறுந்திருந்தது. நிரல் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தது. லீனியர் 20 மீட்டர் ஃபில்டரிலேயே நின்று, என் அலையின் இரட்டிப்பை அந்தப் பேண்டுக்குள் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அந்தமானிலிருந்து உயிர்ச்செய்தி வந்த அதே பேண்ட்.

நான் திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"உன் பெட்டி பழசுப்பா. பக்கத்து ஸ்டேஷனோட சிக்னல் தாங்காம அதுவா கற்பனை பண்ணிக்குது. மொதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் எனக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

அவன் "சரிண்ணே" என்றான். மன்னிப்பும் கேட்டான். நான் போனை வைத்தேன்.

பழைய பெட்டிகள் பக்கத்து நிலையத்தின் சக்தி தாங்காமல் பொய்யான சத்தம் காட்டுவது உண்மைதான். அதனால்தான் என் பதில் மோசமானது. எனக்கு அந்தச் சாத்தியமும் தெரியும், இந்தச் சாத்தியமும் தெரியும். எதையும் சோதிக்காமல், எனக்கு வசதியானதை எடுத்து அவன் மேல் போட்டேன். அவன் என்னை நம்பினான்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சனிக்கிழமை. சாயங்காலம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. தூரத்தில் செம்பனைக்கு அப்பால் மின்னிக்கொண்டிருந்தது. 40 மீட்டரில் இருந்தேன். 20 மீட்டரில் எனக்கு இல்லாத ஒரு நாடு தெரிவதாகப் பார்த்து 14.074க்கு மாற்றினேன். எஃப்டி8 நிரல் வேறு கேபிளில் ரேடியோவோடு பேசுவதால் அது ஒழுங்காக மாறியது. என் கேபிள் எப்போது அறுந்ததென்று தெரியாது. அதைச் சொல்லும் எச்சரிக்கையையும் நான்தான் நிரலிலிருந்து எடுத்திருந்தேன். நாலாவது எண் இன்னும் 07.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு விநாடி இருக்கும். பெட்டிக்குள் விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம். காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, எரிந்த பலகையின் இனிப்பு கலந்த நாற்றம். கணினி மட்டும் தன் 12.64 விநாடியை முடிக்கும்வரை ஒன்றும் நடக்காதது போல அனுப்பிக்கொண்டே இருந்தது.

திரையைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் இல்லை. அடுத்து நான் செய்ததையும் முழுசாகச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்தேன். டேப்பைப் பிரித்து, அந்த மஞ்சள் வயரைப் பழைய இடத்திலேயே பற்றவைத்தேன். நிரலில் பழைய வரியைத் திருப்பி எழுதினேன். அதற்கப்புறம்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை ஆண்டெனாவுல போட்டுப் பார்த்தேன். கழட்ட மறந்துட்டேன். மின்னல் இறங்கிருச்சுண்ணே."

சின்ன உண்மையை முன்னால் வைத்தால் பெரிய பொய் நிற்கும் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் முதலில். புள்ளைங்க எங்கே என்று கேட்டார். பெட்டியைப் பற்றிக் கேட்டது அதற்கப்புறம்தான்.

மறுநாள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பணம் தருகிறேன் என்றேன். "மின்னலுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பணம் என்னிடமே இருந்தது.

அடுத்த வாரம் அவர் குளுவாங்கிலிருந்து கூலாய்க்கு வந்தார். காரில் இரண்டு செம்புக் கம்பிகள், ஐந்தடி நீளம், ஒரு சம்மட்டி. என் வீட்டுக்கு எர்த் சரியில்லை, புள்ளைங்க இருக்கிற வீடு, மறுபடி மின்னல் இறங்கக் கூடாது என்றார். வெயிலில் குந்தி, என் வாசலில் செம்மண்ணைத் தோண்டினார். எழுபது வயதுக்காரர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சம்மட்டியால் அடித்தார். ஒருமுறை அடி நழுவி அவருடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்தது. என் மனைவி ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள். "இருக்கட்டும்மா" என்று சிரித்துவிட்டு மறுபடி அடித்தார். இரண்டரை மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை.

புது ட்ரான்சிஸ்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஜூலைக்குள் வரவில்லை. லீனியர் இல்லாமல் போகலாம் என்று பையன்கள் சொன்னார்கள். ஜெனரேட்டர், படகு, கூடாரம் எல்லாம் செலவு செய்து போய் யாருக்கும் கேட்காமல் உட்கார வேண்டாம், அடுத்த வருஷம் போகலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். அடுத்த வருஷம் 2020. மார்ச் 18இல் நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மெர்சிங் படகும் இல்லை, பாலமும் இல்லை. நான் வேலையை விட முடியாமல் சிங்கப்பூர்ப் பக்கம் மாட்டிக்கொண்டேன். அதற்குள் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. படகிலிருந்து இறங்கி அலையில் கால் வைத்து நடக்கிற உடம்பு இனி அவருக்கு இல்லை. பூலாவ் பெசாருக்கு அவர் போகவே இல்லை.

பாலம் மூடியிருந்ததால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொலைபேசி மூடவில்லை. வாராவாரம் அவரோடு பேசினேன். ஒவ்வொரு முறையும் அவருடைய முழங்காலைப் பற்றி விசாரித்தேன்.

2022 ஏப்ரல் 1இல் எல்லை முழுதாகத் திறந்தது. அந்த மாதமே குளுவாங் போனேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டெனா, வரி, மஞ்சள் வயர், போன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். விரலால் ஒரு இடத்தைக் காட்டினார். அவர் பற்றவைத்த முனைகளெல்லாம் வருஷக்கணக்கில் மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தன. மஞ்சள் வயரின் முனை மட்டும் பளபளவென்று ஒரு உருண்டை.

"மின்னல் இறங்கியிருந்தா ஆண்டெனா சாக்கெட்டு பக்கம் மொதல்ல கருகியிருக்கும். ஒரு கறுப்புப் புள்ளி இல்ல. அன்னைக்கே தெரியும் தம்பி."

"அப்புறம் ஏண்ணே மண்ணத் தோண்டுனீங்க?"

"தோண்டுறப்ப சொல்லுவேன்னு நெனச்சேன்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அந்தப் பையனை நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. லீனியரும் பொய்யும்தான் என் மனசை அரித்தன. அவனை நான் தப்புக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே போனேன். இருபது வயது ஆகியிருந்தான். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அதில் கோளாறு என்று நான் சொன்ன பிறகு, அப்பா அதை ஒரு கடையில் காட்டினாராம். கடைக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நூற்றிருபது வெள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள். தேர்வு எழுதவில்லை. ஜன்னல் சட்டத்தில் வயர் போன ஓட்டையைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"அப்ப நான் கேட்டது சரிதானாண்ணே?"

"சரிதான்" என்றேன்.

உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தான். அந்தத் தேதியைத் தேடினான். நேரம், என் அழைப்புக்குறி, 14.148. எல்லாம் ஒழுங்கான கையெழுத்து. அந்த வரி முழுக்கச் சிவப்புப் பேனாவால், ரூலர் வைத்து, நேராக அடித்திருந்தான்.